மணி இல்லாத சைக்கிள்

பிள்ளைகளே,

நேற்று சாயங்காலம் என் சைக்கிளில் புது மணி ஒன்று பளபளத்துக்கொண்டிருந்தது. மாட்டியது யார் என்று நான் கேட்கவில்லை. கையில் மசகோடு வாசல்படியில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவனைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான் திருப்புளியை எடுத்து அதைக் கழற்றிவிட்டேன். "அப்பாவுக்கு நல்லது செஞ்சா புடிக்காது" என்று, சின்னவனே, நீ உள்ளே போய் அழுதது எனக்குக் கேட்டது. காரணம் சொல்லாமல் கழற்றியது முறையில்லை. ஆனால் இந்த விஷயத்தை வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் எழுந்து போய்விடுகிறேன். அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழை இருந்தால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

உங்களுக்கு நினைவு தெரிந்த நாளாய் நான் சைக்கிள்காரன். ஒரு கால் நன்றாக மடங்கும், இன்னொரு கால் கட்டை மாதிரி ஏறி இறங்கும். அப்படித்தான் நீங்கள் என்னைப் பார்த்திருக்கிறீர்கள். அதற்கு முன்னால் நான் குதிரையில் போனேன். குதிரையில் போனேன் என்றால் ஏதோ ராஜா கதை என்று நினைக்காதீர்கள். கோத்தா திங்கியிலிருந்து உள்ளே தள்ளிப்போன ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் வெளிக்காட்டுக் கிராணி. ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறவர் பெரிய கிராணி. மரம் வெட்டுகிற, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற, இடத்துக்குப் போய், யார் வந்தார்கள், யார் வரவில்லை, பட்டையைக் காயப்படுத்தினார்களா, பாலில் தண்ணீர் கலந்தார்களா என்று பார்க்கிறவன் வெளிக்காட்டுக் கிராணி. எங்கள் தோட்டம் இரண்டு டிவிஷன். கீழ் டிவிஷனில் கூலிகள் குடியிருக்கும் லயங்கள், ஆபீஸ், துரை பங்களா. மேல் டிவிஷனுக்குப் போக வேண்டுமென்றால் சதுப்பு நிலத்தைச் சுற்றி, கம்பம் என்று நாங்கள் சொல்லும் மலாய்க்காரர் கிராமம் ஒன்றைத் தாண்டி, மரக்கட்டை அடுக்கிய ஒரு பாலத்தைக் கடந்து போக வேண்டும். காலையில் இங்கே, வெயில் ஏறுவதற்குள் அங்கே. நடந்து தீராது.

அப்போதிருந்த துரைக்கு ஒரு கொள்கை இருந்தது. அவருக்குத் தமிழ் தெரியும். தோட்டத்துக் கூலிகளிடம் கற்ற தமிழ். மரியாதை வார்த்தை ஒன்றும் அதில் கிடையாது. வேலைக்குச் சேர்த்த அன்றைக்கே என்னிடம் சொன்னார்: "கிராணி கீழே நின்னா, கூலி நேரா மூஞ்சி பாக்கும். கிராணி குதிரை மேலே உக்காந்தா, கூலி கழுத்து தூக்கிப் பாக்கும். கழுத்து தூக்கினா பயம் வரும். புரியுதா? குதிரை ஏறாத கிராணி எனக்கு வேணாம்."

வேணாம் என்றால் என்ன பொருள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். வேலை போனால் வீடு போகும், வீடு தோட்டத்து வீடு. வீடு போனால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பும் கப்பலுக்குத்தான் போக வேண்டும். இறங்குகிற கரையில் எங்களுக்கென்று ஒரு குடிசைகூட இல்லை. உங்கள் அம்மா அப்போதுதான் உங்கள் பெரியக்காவை வயிற்றில் சுமக்கத் தொடங்கியிருந்தாள். ஆகவே நான் குதிரை ஏறினேன்.

அந்தக் குதிரை செவலை நிறம். பெயரும் செவலைதான். சிங்கப்பூரில் பந்தயத்தில் ஓடி, வயதாகி, தோற்று, மலிவாய்க் கிடைத்தது என்று துரை பிடித்துவந்தார். அது பந்தயத்தில் என்ன கற்றது என்பதை அவர் விசாரித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அதைப் பார்த்துக்கொள்ள வைத்த ஆள் அதுவரை மாட்டு வண்டி ஓட்டியவர். தோட்டத்தில் கொம்பில்லாத பிராணி எதையும் அவர் பழக்கியது கிடையாது. முதல் நாள் செவலை லாயத்தைவிட்டு வெளியே வர மாட்டேன் என்று நின்றது. அவர் "ஹை, ஹை" என்றார். நாக்கால் சத்தம் கொடுத்தார். பிறகு, மாடு படுத்துக்கொண்டால் என்ன செய்வோமோ அதைச் செய்தார். பின்னால் போய் வாலைப் பிடித்து முறுக்கினார்.

நான் சேணத்தில் இருந்தேன். எனக்குக் கீழே ஒரு வீடு இடிந்து எழும்பியது போலிருந்தது. திரும்பிப் பார்த்தபோது அவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். தாடை ஒரு பக்கமாய்ப் போயிருந்தது. வாயிலிருந்து இரத்தமும் அதோடு இரண்டு மூன்று பற்களும் உள்ளங்கையில் விழ, அதை அதிசயமாய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். உயிர் பிழைத்தார். அதன் பிறகு அவர் பேச்சில் 'ச' எல்லாம் 'ஷ'வாகப் போய்விட்டது. "ஷெவல நல்லதுதாங்கய்யா, பின்பக்கந்தான் ஷரியில்ல" என்பார். ஜனங்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். சிரிக்கும்போது அந்த ஓட்டை தெரியும்.

நான் குதிரைக்குப் பழகினேன். மேல் டிவிஷனுக்குப் போகிற வழியில் கம்பத்து மலாய்ப் பிள்ளைகள் என்னைக் கண்டதும் "கூடா! கூடா!" என்று கத்திக்கொண்டு கூடவே ஓடி வருவார்கள். மலாயில் கூடா என்றால் குதிரை. உங்களுக்குத் தெரியும். ஆனால் கப்பலிலிருந்து இறங்கி வந்த புது ஆட்களுக்குத் தெரியாது. "என்னய்யா இது, நம்ம கிராணி ஐயா போனா கம்பத்துப் புள்ளைங்க கூடாது கூடாதுங்குதுங்க? வரவே கூடாதாமா?" என்று லயத்தில் ஒருத்தி கேட்டாள். அதற்கு எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அடி எனக்கு விழுந்தது பெரட்டில். காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடுகிற இடத்துக்குப் பெரட்டுக்களம் என்று பெயர். அங்கே ஒரு தூணில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும். அதை இரும்பால் அடித்தால் ஆட்கள் மரத்துக்குக் கலைய வேண்டும். வழக்கமாய் அதை அடித்து முடித்த பிறகுதான் நான் குதிரை ஏறுவேன். அன்றைக்குத் துரை அவசரப்படுத்தினார், முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தேன். தண்டவாளத்தில் இரும்பு விழுந்தது. டாங்!

பந்தயக் குதிரைக்கு மணி என்றால் ஓடு என்று அர்த்தம். செவலை ஓடியது. எனக்கு முன்னால் நின்ற பெண்கள் வாளிகளைப் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் விழுந்தார்கள். நேராக ரப்பர் மரங்களுக்குள் புகுந்தது. வரிசை வரிசையாய் மரம், நடுவில் ஒரு ஆள் போகிற அகலம். என் முழங்கால் ஒவ்வொரு மரத்திலும் அடித்தது. பால் பிடிக்க மரத்தில் கட்டியிருந்த மங்குகள் தட்டித் தட்டி உடைந்தன. அந்தப் பீங்கான் சில்லுகள் முகத்தில் தெறித்தன. கடிவாளத்தை இழுத்தேன், அது கழுத்தை நீட்டிக்கொண்டு இன்னும் வேகம் எடுத்தது. பந்தயத்தில் இழுத்தால் வேகம் என்று யாரோ அதற்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். கடைசியில் ஒரு சாய்ந்த கிளை என் தோளில் விழுந்தது. கிளை விழவில்லை, நான்தான் அதன்மேல் போய் விழுந்தேன். எலும்பு முறிகிற சத்தம் எனக்கு உள்ளே கேட்டது, காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிப்பது போல.

காயத்துக்கு மருந்து போடும் தோட்டத்து டிரெசர் தோளைச் சேர்த்துக் கட்டினார். அவர் இழுத்தபோது நான் கத்திய கத்தலில் உங்கள் அம்மா லயத்திலிருந்து ஓடிவந்தாள்.

"அந்தச் சனியன வித்துத் தொலைக்கச் சொல்லுங்க அந்தத் தொரைகிட்ட."

"அவர் குதிரை. நான் எப்படிச் சொல்றது?"

"அவர் குதிரை, சரி. எலும்பு யாருதாம்?"

துரை வந்து பார்த்தார். "எலும்பு ஒட்டும்" என்றார். "குதிரைக்கு ஒண்ணும் ஆகலே." அது அவருக்கு உண்மையாகவே நிம்மதி. ஒட்டியது. மறுபடியும் ஏறினேன். மணிச் சத்தம் கேட்கிற இடத்தில் இறங்கி நடந்து, தாண்டிய பிறகு ஏறுவது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

ஆனால் எல்லா மணியும் நமக்குச் சொல்லிவிட்டு அடிப்பதில்லை.

அந்தக் கம்பத்தில் மலாய்ப் பள்ளிக்கூடம் ஒன்று ஆரம்பித்தார்கள். ஒரே அறை, அத்தாப்பு ஓலைக் கூரை. அதற்கு ஒரு கைமணி வந்த சேதி எனக்குத் தெரியாது. நான் பாதையில் வந்துகொண்டிருந்தேன். வாத்தியார் வாசலில் வந்து மணியை ஆட்டினார்.

செவலை எனக்கு ஒரு மூச்சு விடக்கூட நேரம் தரவில்லை. பாதை அங்கிருந்து இறக்கமாய்ப் பாலத்துக்குப் போகிறது. எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு மாட்டு வண்டி பாலத்தில் ஏறுவது தெரிந்தது. தோட்டத்துக்கு அரிசி ஏற்றிவரும் வண்டி. ஓட்டுகிறவர் புது ஆள், கப்பலிலிருந்து இறங்கி அந்த மாதம்தான் வந்தவர். பாலம் இரண்டு வண்டி போகிற அகலம் இல்லை. ஆனால் அவர் கொஞ்சம் விரட்டியிருந்தால் நான் வருவதற்குள் பாலத்தைக் கடந்து ஓரத்தில் ஒதுங்கியிருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது.

கம்பத்து ஆட்களுக்கு அது தெரிந்தது. ஆற்றோரத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் அவரைப் பார்த்துக் கைகளை வீசிக் கத்தினார்கள். குதிரை வருகிறது, சீக்கிரம் போ என்று சொல்லத்தான் கத்தினார்கள்.

"கூடா! கூடா! கூடா!"

நம் ஆள் என்ன செய்வார்? ஊர் புதிது. ஒரு கூட்டமே கையை ஆட்டிக் கூடாது, கூடாது என்று கத்துகிறது. இந்தப் பாலத்தில் வண்டி வரக் கூடாதாக்கும் என்று நினைத்தார். பாலத்தின் நட்டநடுவில் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்து வண்டியை நிறுத்திவிட்டார்.

அந்த ஒரு கணம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. இரண்டு மாடுகள், அவற்றுக்கு மேலே திறந்த வாயோடு ஒரு மனிதன். செவலை கடைசியில் பார்த்துவிட்டு இடது பக்கம் திரும்பியது. திரும்ப இடம் இல்லை. என் வலது கால் வண்டிச் சக்கரத்துக்கும் குதிரையின் வயிற்றுக்கும் நடுவில் போனது. சக்கரத்தின் கடையாணி என் முழங்காலில் குத்தி, அங்கிருந்து கீழே கிழித்துக்கொண்டு போனது. எனக்கு வலி தெரியவில்லை. துணி கிழிவது போலத்தான் இருந்தது. அடுத்து செவலையின் முன்கால்கள் இரண்டும் பாலத்துக் கட்டைகளுக்கு நடுவே இறங்கின. உடம்பு மட்டும் முன்னால் போனது. இரண்டு கால்களும் முறிந்தன. நான் அதன் தலைக்கு மேலாகப் பறந்து கட்டைகளில் விழுந்தேன்.

இடி வாங்கிய மாடு ஒன்று பாலத்தின் விளிம்புக்கு வெளியே சரிந்து நுகத்தடியில் தொங்கியது. கழுத்தில் கயிறு இறுகி, நாக்கு வெளியே வந்து, பின்கால்கள் காற்றில் உதைத்தன. வண்டிக்காரர் அரிவாளை எடுத்துக் கயிற்றை வெட்டினார். வெட்டும்போது அழுதுகொண்டே என்னைப் பார்த்தார்.

"கூடாதுன்னுதானே சொன்னாங்க சாமி! கூடாதுன்னு சொன்னாங்களே! நான் நிறுத்திட்டேனே!"

கயிறு அறுந்தது. மாடு சேற்றில் விழுந்தது. அது பிழைத்ததா என்று நான் கேட்டதே இல்லை.

செவலை கத்தியது. குதிரை கத்தி நீங்கள் கேட்டதில்லை, கேட்கவும் வேண்டாம். அது பெண் பிள்ளை கத்துவது போலிருக்கும். அதன் தலை என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. எழ முயலும், முறிந்த கால் கட்டைக்குள் சிக்கி இன்னும் முறியும், மறுபடியும் கத்தும். துரை அன்றைக்கு அந்தப் பக்கம் புறா சுட வந்திருந்தார். துப்பாக்கியோடு ஓடிவந்தார். என்னை ஒரு தரம் பார்த்தார், குதிரையை ஒரு தரம் பார்த்தார். துப்பாக்கி வாயை அதன் நெற்றியில் வைத்தார். "கிராணி, கண்ணை மூடு" என்றார். அவர் என்னிடம் அன்பாய்ப் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். நான் மூடவில்லை. சூடாய் ஏதோ என் முகத்தில் அடித்தது. பிறகு சத்தம் இல்லை.

என்னைத் தோட்டத்து லாரியில், ரப்பர்த் துண்டுகளின்மேல் படுக்கவைத்து ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காலை எடுத்துவிட வேண்டும் என்று முதலில் பேச்சு இருந்தது. எடுக்கவில்லை. சீழ் பிடித்து, கீறி, மறுபடியும் சீழ் பிடித்து, கடைசியில் ஆறியது. ஆனால் முழங்கால் பாதிதான் மடங்கும். அதற்குமேல் மடக்கினால் உள்ளே கல் உடைவது போலிருக்கும். என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ரோடு. தினமும் ஒரு மலாய்த் தபால்காரர் சைக்கிளில் போவார். அவருக்கும் ஒரு கால் ஊனம். இறங்கினால் நொண்டுவார், ஏறினால் நொண்டல் தெரியாது. வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது உங்கள் அம்மாவின் வயிறு பெருத்திருந்தது. துரை ஆள் அனுப்பியிருந்தார். சிங்கப்பூரிலிருந்து புதுக் குதிரை வந்துவிட்டது, கறுப்பு, இளம் வயது. கிராணி ஏறட்டும், இல்லையென்றால் மாதம் முடிந்து வீட்டைக் காலி செய்யட்டும்.

நான் லாயத்துக்குப் போனேன். ஏற வேண்டும் என்றுதான் போனேன், பிள்ளைகளே. பல் போன குதிரைக்காரர் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாதீங்கய்யா, வாலு பக்கம் நான் போவல" என்றார். நான் இடது காலை அங்கவடியில் வைத்தேன். அந்தத் தோல், வியர்வை, புல் எல்லாம் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. என் முகத்தில் அந்தச் சூடான ஈரம் மறுபடியும் அடித்தது போலிருந்தது. காலை வெளியே எடுத்துவிட்டேன். லாயத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

வீட்டுக்குத் திரும்பினேன். உங்கள் அம்மா என் சட்டையைப் பார்த்தாள்.

"ஏறலையா?"

"ஏறல."

"நல்லது."

"நல்லதா? கப்பலுக்குப் போகணும்."

"போவோம். தாலியோட போவோம்." சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது தெரிந்தது. நான் அந்தத் தபால்காரரைப் பற்றிச் சொன்னேன். அவள் திரும்பாமலே கேட்டாள்: "சைக்கிளு உதைக்குமா?"

கோத்தா திங்கியில் ஒரு சீனர் சைக்கிள் கடை வைத்திருந்தார். நான் நொண்டிக்கொண்டு உள்ளே போனதும் காலைப் பார்த்தார். "காக்கி சாக்கிட்?" என்றார். கால் நோவா என்று. என்னை ஒரு சைக்கிளில் ஏற்றி, சுவரில் சாயவைத்து, மிதியைச் சுற்றச் சொன்னார். பாதிச் சுற்றில் முழங்கால் நின்றுவிட்டது. நான் கத்தினேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வலது பக்கத்து மிதிக்கட்டையின் தண்டை அறுத்துக் குட்டையாக்கிப் பற்றவைத்துவிட்டார். பெரிய வட்டம் சின்ன வட்டமானது. கால் சுற்றியது. வலித்தது, ஆனால் சுற்றியது. என் சைக்கிளின் ஒரு மிதி ஏன் குட்டை என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். இதுதான். சைக்கிளில் பெரிய மணி ஒன்றும் இருந்தது. வாசலில் நின்று அடித்துப் பார்த்தேன். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

லயத்துக்குப் பின்னால் பழகினேன். குதிரை ஒரு நாளில் ஒரு தரம்தான் தள்ளும். சைக்கிள் ஒரு நாளெல்லாம் தள்ளியது. முழங்கை உரிந்தது. தையல் போட்ட இடம் ஒருமுறை வாய் பிளந்து, இரத்தத்தில் செருப்பு வழுக்கியது. அல்லூறு என்று நாம் சொல்லும் வடிகால் பள்ளத்தில் தலைகீழாய் விழுந்து மூக்கு உடைந்தது. மரம் வெட்டிவிட்டு வந்தவர்கள் வாளியை இறக்கிவைத்து வேடிக்கை பார்த்தார்கள்.

"குதிரைய விட்டுட்டுக் கழுதையப் புடிச்சிருக்காரு. கழுதையும் தள்ளுது!"

"யோவ், மெதுவாப் பேசு. கிராணி காதுல விழும்."

"அவரே விழுந்துட்டாரு, அப்புறம் காதுல விழுந்தா என்ன?"

நானும் சேற்றில் உட்கார்ந்து சிரித்தேன். மாதம் முடிவதற்குள் பழகிவிட்டது.

கடைசி நாள் பெரட்டு. துரை என்ன சொல்லியிருந்தார் என்பது லயம் முழுக்கத் தெரியும்: இன்றைக்குக் கிராணி எல்லோர் முன்னாலும் குதிரை ஏற வேண்டும், இல்லையென்றால் வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும். துரை தாமே அந்தக் கறுப்புக் குதிரைமேல் ஏறி உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தார், எவ்வளவு சாது என்று எனக்குக் காட்ட. நான் சைக்கிளில் வந்தேன். கூட்டம் பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. ஜனங்கள் விலக வேண்டும் என்று நான் மணியை அடித்தேன்.

கறுப்பும் அதே பந்தயத்தில் வளர்ந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அது நின்ற இடத்திலிருந்து எகிறியது. துரை தொப்பி முதலில் விழுந்தது. குதிரைக்காரர் பாய்ந்து கடிவாளத்தைப் பிடித்தார். அவரை மண்ணில் தேய்த்துக்கொண்டே இழுத்துப் போனது. முழங்கையும் மார்பும் உரிந்து அவர் கையை விட்டார். அது நேராகத் தண்டவாளம் தொங்கிய தூணுக்குப் போய், கடைசி நொடியில் ஒதுங்கியது. துரை ஒதுங்கவில்லை. தூணில் மோதினார். தண்டவாளம் அவர் தோளில் இடித்து டாங் என்று தானாக அடித்தது. குதிரை அந்தச் சத்தத்துக்கு இன்னும் வேகம் எடுத்து மரங்களுக்குள் மறைந்தது.

துரை எழுந்தார். இடது கை முழங்கைக்குக் கீழே வேறு திசையில் தொங்கியது. வலது கையில் சாட்டை இருந்தது. அவர் நேராக என்னிடம் வந்தார். முதல் அடி என் கன்னத்தில் விழுந்தது. என் இடது கண்ணுக்குக் கீழே இருக்கும் கோடு அதுதான். அம்மை வடு இல்லை. இரண்டாவது அடி கையில். நான் சைக்கிளை விடவில்லை. விட்டால் எல்லாம் போய்விடும் என்று எப்படியோ தோன்றியது. மூன்றாவது அடி மணியில். சாட்டை அதில் சுற்றிக்கொண்டது. இழுத்தார், வரவில்லை. பூட்ஸ் காலால் உதைத்தார். மணி மண்ணில் விழுந்தது. அதன்மேல் ஏறி நின்று மிதித்தார், மிதித்தார், அது தகடாகும் வரை மிதித்தார். ஒவ்வொரு மிதிக்கும் அது கொஞ்சமாய்க் கிணுங்கியது. கடைசியில் அந்தச் சத்தமும் நின்றது.

அதற்கப்புறம் துரைக்கு முகம் வெளுத்து, அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். டிரெசர் வந்து கையைத் தொட்டதும் பல்லைக் கடித்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மேல் டிவிஷனில் ஆட்கள் மரம் வெட்ட ஆரம்பித்திருப்பார்கள். பார்க்க ஆள் இல்லை. துரையால் ஏற முடியாது, ஏறுவதற்குக் குதிரையும் இல்லை.

"மேல் டிவிஷன் யாரு பாக்கும்?" என்று கேட்டார். யாரைப் பார்த்தும் கேட்கவில்லை.

"நான் போறேன் தொரை" என்றேன். வாயில் இரத்தம் உப்பாய் இருந்தது.

அவர் சைக்கிளைப் பார்த்தார். குட்டை மிதியைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். சாவியைப் பற்றிக் கேட்பார் என்று நான் நின்றேன். கேட்கவில்லை.

"போ" என்றார். "இனி மணி அடிச்சா, குதிரையச் சுட்ட மாதிரி உன்னையும் சுடும்."

நான் ஏறி மிதித்தேன். கன்னத்திலிருந்து இரத்தம் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கம்பத்துப் பிள்ளைகள் என்னைக் கண்டு சைக்கிளுக்குப் பின்னால் ஓடி வந்தார்கள். பாலத்துக்கு இறங்குகிற இறக்கத்தில் சைக்கிள் வேகம் எடுத்தது. எதிரே, பாலத்தில் பாதி தூரம் வந்துவிட்டது ஒரு மாட்டு வண்டி. அதே வண்டிக்காரர். மாடு ஒன்று மட்டும் புதிது. என் கை தானாக மணியைத் தேடியது. அங்கே மணி இல்லை. வயிற்றுக்குள்ளிருந்து என்ன வந்ததோ அதைக் கத்தினேன்.

"கூடா! கூடா!"

அவர் நிறுத்தவில்லை. இத்தனை நாளில் மலாய் கற்றுக்கொண்டிருந்தார். மாடுகளை அதட்டி ஓட்டிப் பாலத்தைக் கடந்து, பாதையோரப் புதரில் வண்டியை அப்படியே சாய்த்துவிட்டார். நான் கட்டைகளின்மேல் தடதடவென்று கடந்துபோனபோது அவர் வண்டியில் எழுந்து நின்று எனக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தார்.

"எங்கய்யா குதிரை?"

"அது செத்துப்போச்சு!" என்று கத்திக்கொண்டே போனேன். எனக்குப் பின்னால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

உங்கள் பெரியக்கா அந்த வீட்டிலேயே பிறந்தாள். நான் அந்த வேலையிலேயே இருந்தேன். துரை கை ஆறினதும் கறுப்பை விற்றுவிட்டு மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதுவும் அவரை ஒருமுறை தள்ளியது என்று கேள்வி. சாட்டையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இப்போது நாம் இருக்கிற ரோட்டில் குதிரை ஏது, மணி அடித்தால் என்ன என்று நீ கேட்பாய். நியாயம்தான். ஆனால் மிதிக்கும்போது மணிச் சத்தம் கேட்டால் என் முழங்கால் மடங்காமல் நின்றுவிடுகிறது. முனையில் திரும்பும்போது நான் "கூடா" என்று கத்துவதைக் கேட்டு நீங்கள் வெட்கப்படுகிறீர்கள் என்றும் எனக்குத் தெரியும். மலாய்க்காரர் கேட்டால் ஏதோ வருகிறது என்று ஒதுங்குகிறார். நம்மவர் கேட்டால் போகக் கூடாதென்று நின்றுவிடுகிறார். சைக்கிளுக்கு இரண்டுமே போதும். நிற்கிறவரைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். குதிரையால்தான் முடியாது.

உன் மணி அலமாரியின் மேல்தட்டில், துணியில் சுற்றி இருக்கிறது. பெரியவனாகி நீ சைக்கிள் வாங்கும்போது அதில் மாட்டிக்கொள். நன்றாக அடி. நான் வீட்டுக்குள் இருக்கும்போது அடி.